ஒலிநூல் என்னும் பெயரால்

வெல்லம் என்பது கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. வெள்ளம் என்பது ஆற்றிலே கரைபுரண்டு வருவது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ் பேசும் வீட்டுச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும், சென்ற ஆண்டு நான் சந்தாக் கட்டிக் கேட்ட ஓர் ஒலிநூலில், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகத்தின் தலைப்பைப் படித்த பெருமகனார், முரசும் கொம்பும் முழங்க, நிறுத்தி நிதானமாக, ‘புது வெல்லம்’ என்று அறிவித்தார். மூன்றாம் பாகத்துக்கு வந்தபோது ‘கொலை வால்’ என்றார். இலங்கையை எரித்த வால் ஒன்றைப் பற்றிப் பௌராணிகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொலை செய்யும் வால் இவருடைய வாயிலேதான் முதன்முதலாக முளைத்தது.

அன்பர்களே, நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன். என் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் பெரியம்மா சிரிக்கவில்லை. அவருக்கு வயது எண்பத்து மூன்று. ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டாம் வயதில் உளி பிடித்துப் பால்மரம் சீவத் தொடங்கியவர். பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தறியாதவர். நீரிழிவின் கொடுமையால் இப்போது கண்ணும் மங்கிப்போயிற்று. ‘புது வெல்லம்’ என்று கேட்டதும் அவர் என் பக்கம் திரும்பி, “கதையில யாராச்சும் ஆலை வச்சிருக்காங்களா, தம்பி?” என்று கேட்டார். வீரநாராயண ஏரியும் ஆடிப்பெருக்கும் வந்தியத்தேவனின் குதிரையும் வரவேண்டிய இடத்தில், பாவம், அவர் கரும்பாலையை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

நான் இக்கட்டுரை எழுதத் துணிந்தது அந்தக் கேள்வியால்தான். அச்சிட்ட நூலில் பிழை நேர்ந்தால் கண்ணுடையவன் முன்னும் பின்னும் பார்த்துத் திருத்திக்கொள்வான். அச்சுக் கோப்பவனை இரண்டு சொல் வைதுவிட்டு மேலே செல்வான். செவியால் மட்டும் கேட்பவருக்கோ திருத்திக்கொள்ள வேறு பிரதி இல்லை. படிப்பவர் சொன்னதே நூல். அவர் விட்டது ஆசிரியர் எழுதாதது. அவர் குழறியது ஆசிரியர் குழறியது. இத்துணைப் பெரிய அதிகாரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, அதனைச் சிறு பிள்ளை விளையாட்டாக நடத்துகின்றவர்களோடுதான் ஈண்டு எனக்கு வழக்கு.

ஒலிநூல் யாருக்காகப் பிறந்தது என்பதை இத்தொழிலில் இறங்கியுள்ள செல்வர்கள் மறந்துவிட்டார்கள். எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதியபோது, கண்ணிழந்தோருக்கு நூல்களைப் படித்துக் காட்டுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சொன்னார். 1930-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ‘பேசும் நூல்கள்’ என்னும் பெயரில் தட்டுகள் வெளிவந்தபோது அவை சீமான்களின் பொழுதுபோக்குக்காக வரவில்லை. முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களும் அவர்களைப் போன்ற பிறரும் கேட்பதற்காகவே வந்தன. 1935-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளியானவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்றும், ஜோசப் கான்ராடின் கடற்கதை ஒன்றும் இருந்தன. கண்ணில்லாதவனுக்கு வேதாந்தமும் புலம்பலுமே போதும் என்று எண்ணாமல், கண்ணுள்ளவன் விரும்பிப் படிப்பதையே அவனுக்கும் கொடுத்தார்களே, அங்கே இருக்கிறது மரியாதை! நமது காலத்தில் 2013-ஆம் ஆண்டு மராகேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. பார்வையற்றோருக்காக நூல்களை வேறு வடிவில் ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாக நிற்கலாகாது என்பது அதன் கருத்து. இந்தியா 2014-லும் சிங்கப்பூர் 2015-லும் அதில் சேர்ந்தன. நூலைப் பெறும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. அந்நூலைக் கொலை செய்யாமல் கொடுங்கள் என்று சொல்வதற்குத்தான் இன்னும் சட்டம் இல்லை.

கண்ணிழந்தோரும் எழுத்தறியாதோரும் மட்டுமல்லர், மூன்றாவதாக ஒரு கூட்டமும் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அது நம் வீட்டுப் பிள்ளைகள். சிங்கையிலும் கோலாலம்பூரிலும் எத்தனையோ இல்லங்களில் பேரப்பிள்ளைகள் பாட்டி சொல்லும் தமிழை விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் அச்சுத் தமிழைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவதற்குள் களைத்துப் போகிறார்கள். இது வெட்கத்துக்குரியதா, அன்றா என்னும் விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இவர்கள் தமிழ் நாவல் ஒன்றை அறிவதானால் காதின் வழியாகவே அறியவேண்டும். எம்.ஆர்.டி. வண்டியில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு ‘பலுவேட்டரையர்’ என்று கேட்கும் பையன் அதனை எங்கே போய்த் திருத்திக்கொள்வான்? தன் பிள்ளைக்கும் பலுவேட்டரையர் என்றே சொல்லிக்கொடுப்பான்.

புலவர் சிலர் இவ்விடத்தில் குறுக்கிடுவார்கள். “கேட்பதெல்லாம் ஒரு படிப்பா? நூலைக் கண்ணால் கற்கவேண்டும், காதால் கேட்பது சோம்பேறியின் வேலை” என்பார்கள். இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. திருக்குறளில் கல்லாமையைப் பற்றிய 41-ஆம் அதிகாரத்துக்கு அடுத்து, 42-ஆவதாகக் கேள்வி என்னும் அதிகாரம் நிற்கிறது. கல்லாதவனைக் கடிந்த கையோடு, அவனுக்கும் ஒரு வாயில் உண்டு என்று திறந்துவைத்தவர் வள்ளுவர். அதைச் சாத்துவதற்கு இவர்கள் யார்? நம் முன்னோர் ஏடெழுதிய காலத்தில், ஓலை கிழிந்துவிடும் என்றஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினார்கள். நிறுத்தற்குறிகள் என்பன அறவே இல்லை. அந்த ஏட்டை வாய்விட்டுப் படிக்க வல்லவனுக்கே பொருள் விளங்கிற்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று தனியே ஓர் இயல் வகுத்து, எந்த எழுத்துக்கு நா எங்கே பொருந்தும் என்றெல்லாம் ஆராய்ந்து வைத்த மொழி நம்முடையது. அத்தகைய மொழியில், ஒலியையே சரக்காக விற்க வந்தவர்கள் நாவைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றால் யாரிடம் போய் அழுவது!

நிற்க. என் பெரியம்மாவுக்கு நூல் கேட்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. அக்காலத்துத் தோட்டங்களில், அந்தி சாய்ந்து அடுப்பு மூட்டிய பிறகு, எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். செய்தித்தாள் வந்திருந்தால் செய்தித்தாள். இல்லையேல் ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை. சுற்றிலும் இருபது முப்பது பேர் தரையில் அமர்ந்து கேட்பார்கள். பெரியம்மா சொல்லும் அந்த வாசிப்புக்காரர் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தவர். ஆனால் அவர் என்ன செய்வார் தெரியுமா? பகலிலேயே ஒரு முறை தனியே படித்துப் பார்த்துவிடுவாராம். விளங்காத சொல்லைக் கிராணியார் வீட்டிலோ பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ கேட்டு வைத்துக்கொள்வாராம். இரவில் படிக்கும்போது கிழவிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பாராம். முகம் சுருங்கினால் நிறுத்திப் பொருள் சொல்லுவார். கண் கலங்கினால் வெற்றிலையை மெல்லும் பாவனையில் சற்றுப் பேசாமல் இருப்பார். பெட்டியில் அடைத்து விற்கும் குரலுக்கு எதிரே முகம் இல்லை. ஆகையால் அது இரண்டு மடங்கு ஆயத்தம் செய்துகொண்டு வரவேண்டும் அல்லவா? ஆயத்தம் என்பதே இல்லை, ஐயா! அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கிய பின்னரே அதில் என்ன இருக்கிறது என்று இவர்கள் தெரிந்துகொள்கிறார்கள் என்பது கேட்கும்போதே புலப்படுகிறது. வாக்கியத்தின் நடுவில் வியப்புக் காட்டிவிட்டு, முடிவில் அது துக்கச் செய்தி என்று கண்டு குரலை அவசரமாகத் தாழ்த்துகிறார்கள்.

சீனச் சகோதரர்கள் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கிய ரீடிஃபியூஷன் கம்பி வானொலியில் கான்டனீஸ், ஹொக்கியன், தியோச்சு மொழிகளில் கதை சொல்வோர் இருந்தனர். கான்டனீஸில் கதை சொன்ன லீ டாய் சோர் என்பாரின் பெயரை அத்தலைமுறையினர் இன்றும் மறக்கவில்லை. கதையைத் தம்முள் கரைத்துக்கொண்டு வந்தார்கள். அதனாலேயே பெயர் நின்றது.

உச்சரிப்பைப் பற்றி நான் பேசும்போது ஒரு தவறான எண்ணம் எழலாகாது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். சந்தையில் நின்று வாளப்பளம் வாங்கியவன்தான். மக்கள் பேசுகின்ற பேச்சை மட்டம் தட்டும் பண்டிதச் செருக்கு எனக்கில்லை. ரகர றகர வேறுபாடு பெரும்பாலார் நாவில் இன்று மங்கிவிட்டது. அதற்காக நான் கொடி பிடிக்கமாட்டேன். ஆனால், வாலை, வாளை, வாழை என்னும் மூன்றும் மூன்று பொருள். எழுதும்போது எழுத்து காப்பாற்றும். படிக்கும்போது நா ஒன்றே காப்பு. ஒருவர் தம் வீட்டில் எப்படிப் பேசினாலும் பேசட்டும். கூலி பெற்றுக்கொண்டு இன்னொருவருடைய நூலைப் படிக்க அமர்ந்தால், அந்நூலின் எழுத்துகளை எழுத்துகளாக ஒலிக்கக் கடமைப்பட்டவர். பூங்குழலி என்று பெயர் வைத்த ஆசிரியர், அப்பெண்ணின் கூந்தலையும் கோடிக்கரைக் காற்றையும் அப்பெயரில் முடிந்து வைத்தார். ‘பூங்குளலி’ என்றால் அவள் எந்தக் குளத்து மீனோ!

இதனினும் நுட்பமான குற்றம் நிறுத்தம். ‘நேற்று வந்தவன் சொன்னான்’ என்று ஒரு வாக்கியம். ‘நேற்று’ என்பதில் நிறுத்தினால் சொன்னது நேற்று. ‘வந்தவன்’ என்பதில் நிறுத்தினால் வந்தது நேற்று. துப்பறியும் கதையானால் இந்த ஒரு மூச்சில் கொலைகாரன் மாறிப்போவான். பலகையைப் பல கை ஆக்குவதும், தாமரையைத் தா மரை ஆக்குவதும் இலக்கண வகுப்பில் வேடிக்கைக்குச் சொல்லும் உதாரணங்கள் என்று எண்ணியிருந்தேன். அச்சுப் பக்கத்தில் வரி எங்கே முடிகிறதோ அங்கே மூச்சு விடுகின்றவர்களைக் கேட்ட பிறகு, அவை உண்மை வாழ்க்கை என்று தெரிந்துகொண்டேன்.

கல்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை அது. வாசகனின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய், ‘இதோ பார், அதோ பார்’ என்று காட்டி, நடுவிலே தன்னையே கேலி செய்துகொண்டு பேசுகின்ற ஒரு குரல் அதில் இழையோடுகிறது. கதாபாத்திரங்களுக்கெல்லாம் முன்னதாகப் படிப்பவர் பிடிக்கவேண்டியது அந்தக் குரலை. நான் கேட்ட பதிவில் அவ்விடங்களெல்லாம் வானிலை அறிக்கை போல ஒலித்தன. ஆழ்வார்க்கடியான் வந்தாலோ வானம் இடிகிறது. வாதுக்கு அலைகிற அந்த வைணவனின் குறும்பு எங்கே, இவர் போடும் கூச்சல் எங்கே! அரசன் என்றால் உறுமல், பெண் என்றால் கீச்சுக்குரல், கிழவன் என்றால் இருமல். இந்த மூன்று முகமூடிகளோடு சோழ நாடு முழுவதையும் சுற்றி வந்துவிட்டார்.

நான்காவது முகமூடி ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு உள்ளபடியே சினம் பிறக்கிறது. ஏழை என்றால் கோமாளி.

நம் நாட்டு எழுத்தாளர் ஒருவருடைய நாவல், தோட்டத்துக் கதை, ஒலிநூலாக வந்திருக்கிறது என்று அறிந்து ஆவலோடு வாங்கினேன். அதில் ஓர் இடம். பால்வெட்டும் பெண் ஒருத்தி, பிடித்துக்கொண்ட கூலியைக் கேட்க ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறாள். குரலை உயர்த்தாமல், அழாமல், நான்கே வாக்கியம் பேசுகிறாள். ஆசிரியர் அவளுக்குக் கொடுத்தது நெஞ்சு நிமிர்ந்த பேச்சு. படித்தவரோ சென்னைத் திரைப்படங்களில் வேலைக்காரிக்குக் கொடுக்கும் இழுவையை இழுத்து, மூக்கால் பாடி, வாக்கியம்தோறும் ஒரு குழைவு குழைந்தார். அவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். கூலிக்காரி என்று கண்டதும் நா தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தானாகச் சாய்ந்ததே, அதுதான் குற்றம். பல தலைமுறையாக மேடையிலும் திரையிலும் உழைப்பாளியின் பேச்சைச் சிரிப்புக்கு மட்டுமே வைத்திருந்த வழக்கம், நாவல் என்னும் நாகரிகமான வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்துவிட்டது. பெரியம்மா சற்று நேரம் கேட்டார். பின்பு, “நாம இப்படியா பேசுவோம், தம்பி?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. “நிறுத்திடு” என்றார். நிறுத்திவிட்டேன். ஐம்பது ஆண்டு காலம் மரம் சீவிய ஒருத்தி, தன்னைப் பற்றிய கதை ஒன்று காதில் விழுவதற்கு எண்பத்து மூன்று வயது வரை காத்திருந்து, கடைசியில் தன்னையே பரிகாசம் செய்யக் கேட்டாள். இதற்கு யார் நஷ்டஈடு கொடுப்பது?

அதே நாவலில் வேறு வேடிக்கைகளும் இருந்தன. கதாநாயகி ‘லயத்தில்’ வசித்தாள் என்று வருமிடத்தில் படித்தவர் குரலைக் குழைத்துச் சங்கீதம் பாடினார். நம் தோட்டத்து வரிசை வீடுகள் லயம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் ஏதோ ராக லயத்தில் மூழ்கியிருப்பதாக எண்ணிக்கொண்டார். பகாங் என்னும் மாநிலத்தைத் தாகத்தில் வரும் ககரம் போட்டு ஒலித்தார். ஜொகூரையும் அப்படியே. இது முழுவதும் அவருடைய குற்றமென்று சொல்லமாட்டேன். தமிழ் எழுத்தில் ஒரு ககரமே பல ஒலிக்கு நிற்கிறது. அவ்விரண்டு பெயரிலும் அது ஹகரமாக ஒலிக்கவேண்டும் என்பது இவ்வூர் மண்ணில் நடந்தவர்க்கே தெரியும். ஆயின், கேட்டிருக்கலாமே! ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். அவர் கையில் தொலைபேசியும் இருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானிலும் பினாங்கிலும் உலாவுகின்ற நாவல். மலாய், சீனம், டச்சு எல்லாம் செட்டித் தெருத் தமிழோடு கலந்து வருவது. இத்தகைய வாசிப்புக்காரர் கையில் அது சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது.

பின்னணி இசை என்னும் பெரும் பிணியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சாவுக்கு ஒரு வயலின், காதலுக்கு ஒரு புல்லாங்குழல், சண்டைக்கு ஒரு பறை. மூன்றும் சேர்ந்து சொல்லை விழுங்குகின்றன. காது மந்தமான முதியவர்களுக்கு இசையிலிருந்து சொல்லைப் பிரித்தெடுப்பது எவ்வளவு சிரமம் என்பதை இவர்கள் தம் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, சுருக்குதல். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களிலும் சேர்ந்து 293 அத்தியாயங்கள் கொண்டது. ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91. நான் பணம் கட்டிய இடத்தில் ‘முழு நூல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அச்சு நூலை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் பாகத்தில் அவர்கள் கொடுத்தவை 77. பதினான்கு அத்தியாயங்களைக் காணோம். இருப்பனவற்றிலும் வருணனை வரும் இடங்களில் பத்தி பத்தியாகத் தாண்டியிருக்கிறார்கள். சுருக்குவது பாவமன்று, ‘சுருக்கியது’ என்று சொல்லிச் சுருக்குங்கள். அரைப்படி அரிசியை ஒருபடி என்று விற்கிற கடைக்காரனைச் சந்தையில் என்ன செய்வார்களோ, அதைத்தான் இவர்களையும் செய்யவேண்டும்.

இப்போது இயந்திரம் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் கணினிக் குரலில் படிக்கப்பட்ட ஆங்கில நூல்களை விற்பனைக்கு வைத்தது. பிறகு பிறரும் அவ்வழியே புறப்பட்டார்கள். தமிழிலும் கணினிக் குரல்கள் உலவுகின்றன. அவற்றில் ஒன்றை நான் வேண்டுமென்றே ஒரு மாலை முழுவதும் சோதித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ழகரம் தவறவேயில்லை! பழுவேட்டரையர் பழுவேட்டரையராகவே வந்தார். ஆனால் மகன் செத்த செய்தியையும் மாடு வாங்கிய செய்தியையும் அது ஒரே தராசில் நிறுத்தது. ‘கி.பி.’ என்பதை யாரோ ஒருவருடைய தலைப்பெழுத்து என்று எண்ணி மரியாதையோடு அழைத்தது. இது மனித வாசிப்பாளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்று அவர்கள் எண்ணவேண்டாம். அறிந்து உணர்ந்து படிப்பதொன்றே மனிதனிடம் மீந்திருக்கும் சிறப்பு. அதையும் செய்யாமல், ழகரத்தையும் கோட்டைவிட்டால், முதலாளி எதற்காக இவர்களுக்குக் கூலி கொடுப்பான்? கூலி வாங்காத இயந்திரத்தை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அவன் காத்திருக்கிறான் என்பதை இந்நண்பர்கள் உணரவேண்டும்.

“தமிழன் பணம் கொடுத்துக் கேட்பதில்லை, நாங்கள் எப்படிச் செலவழிப்போம்?” என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இதில் பாதி உண்மை என்பதை மறுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் இலவசமாக வந்த பதிவுகளை நானே கேட்டிருக்கிறேன். அவை எவ்வழியில் வந்தன, எழுத்தாளருக்கு ஒரு காசாவது போயிற்றா என்று கேட்டறிய எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் குற்றத்தை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் மற்றப் பாதியைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டு தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்னும் அமைப்பில், பதிப்புரிமை தீர்ந்த நூல்களைத் தொண்டர்கள் கூலியின்றிப் படித்துக் கொடுக்கிறார்கள். அங்கே, ஒருவர் படித்ததை வேறொருவர் கேட்டுச் சரிபார்த்த பிறகே வெளியிடுவது வழக்கம். காசு வாங்காதவனால் முடிவது காசு வாங்குகிறவனால் முடியவில்லையா? ‘புது வெல்லம்’ என்னும் இரண்டே சொல்லை, வெளியிடுமுன் அந்நிலையத்தில் ஒரே ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதுமே! கேட்கவில்லை. விற்பவரே கேட்காத சரக்கு அது.

கண்ணிழந்தோருக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்ந்து அன்பினால் படித்துக் கொடுக்கும் தொண்டர்களை நான் இங்கே குறிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவர்கள் குரல் நடுங்கினாலும், ஓரிடத்தில் தடுக்கினாலும், அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தடுக்கிய இடத்தில் நின்று, திரும்பவும் படிக்கிறார்களே! நன்றாகப் படிக்கும் தொழில்முறை வாசிப்பாளர்களும் உண்டு. இருவரை நானே விரும்பிக் கேட்டிருக்கிறேன். இருட்டிலே அவர்கள் குரல் ஓடத் தொடங்கினால் அறையில் வேறு எதுவும் இல்லாமற்போகும். அவர்கள் பெயரை ஒலிநூலின் முகப்பில் தேடிப் பார்த்தேன். ஒன்றில் இல்லவே இல்லை; மற்றொன்றில் விளம்பரங்களுக்கு அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்தது. கெட்டவரையும் நல்லவரையும் ஒரே கூலியில், ஒரே பெயரின்மையில் வைத்திருந்தால் நல்லவர் எத்தனை நாளைக்கு இருப்பார்? வாசிப்பாளர் பெயர், எந்தப் பதிப்பிலிருந்து படிக்கப்பட்டது, முழுமையா சுருக்கமா, சரிபார்த்தவர் யார் என்னும் நான்கு விவரங்களை நூலின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லவேண்டும். எழுத்தில் போட்டால் என் பெரியம்மா எப்படிப் படிப்பார்?

காணாமற்போன அத்தியாயங்களைப் பற்றி அந்நிறுவனத்தாருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதற்கடிதத்துக்கு, ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. இரண்டாவதற்கும் அதே பதில், ஓர் எழுத்தும் மாறாமல் வந்தது. பிறகு நூலகத்திலிருந்து அச்சுப் பிரதியை இரவல் பெற்று, இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் நானே படிக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்து லயத்து வாசிப்புக்காரரைப் போலப் பகலில் ஒரு முறை படித்து வைத்துக்கொள்கிறேன். அப்படியும் தடுக்கத்தான் செய்கிறது. வேகமாகப் போனால், “மெதுவா, தம்பி” என்று பெரியம்மா முழங்காலில் தட்டுகிறார். முதற்பாகத்திலிருந்து மறுபடியும் தொடங்கச் சொன்னவரும் அவரே. இப்போது இரண்டாம் பாகத்தின் நடுவில் இருக்கிறோம்.

சென்ற வாரம் அந்நிறுவனத்திடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. என் சந்தா முடிவடைகிறதாம். சலுகை விலையில் உடனே புதுப்பித்துக்கொள்ளவேண்டுமாம். பெரியம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“யாரு, அந்த வெல்லக்காரனா?” என்றார். “வேண்டாம்னு சொல்லிடு. நீ படி.”